ஆளை எண்ணும் சட்டம், ஆளுக்கான உரிமை: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் மனு எழுதிக் கொடுக்கும் மேஜை ஒன்றில் சாயங்கால நேரம் உட்காருகிறவன் நான். வக்கீல் இல்லை. தொழிலாளர் சட்டங்களைப் படித்து, பலருக்காக ஆபீஸ் ஆபீஸாக அலைந்து பழகியவன். 2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அதிலிருந்து மேஜைக்கு வருகிற கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆகிவிட்டன. வாயால் திரும்பத் திரும்பச் சொல்வதற்குப் பதில் எழுதி வைத்துவிட்டேன்.

நான்கு தொகுப்பு என்கிறார்களே, அது என்ன?

29 மத்தியச் சட்டங்களை மடித்து நான்காக ஆக்கியிருக்கிறார்கள். ஊதியத் தொகுப்பு 2019-இல் நிறைவேறியது. தொழில் உறவுகள், சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு ஆகிய மூன்றும் 2020-இல் நிறைவேறின. தொழிலாளர் விஷயம், மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலில் இருப்பதால் மாநில அரசின் விதிகளுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு.

நல்லதா, கெட்டதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. நல்லதை முதலில் சொல்கிறேன். முன்பு அரசு பட்டியலிட்ட தொழில்களுக்கு மட்டும்தான் குறைந்தபட்சக் கூலி. இப்போது எந்தத் தொழிலாக இருந்தாலும் உண்டு. வேலைக்கு எடுத்தால் நியமனக் கடிதம் தர வேண்டும். வேலையை விட்டாலோ நீக்கப்பட்டாலோ இரண்டு வேலை நாளுக்குள் சம்பள பாக்கி கைக்கு வர வேண்டும். குறைந்தபட்சக் கூலி பாக்கிக்கு மனுப் போட முன்பு ஆறு மாதம் என்று இருந்த கெடு இப்போது மூன்று வருஷம். குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஒரு வருஷத்திலேயே கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை. இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை. ஆறு மாதம் தாண்டிவிட்டது என்பதற்காகவே எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்!

இனி மறுபக்கம். ஆலையை மூடவோ ஆட்குறைப்புச் செய்யவோ அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டும் என்ற விதி, 100 பேர் இருந்தாலே பொருந்தியது. இப்போது 300 பேர் இருந்தால்தான். மின்சாரத்தில் ஓடும் பட்டறையில் 10 பேர் இருந்தாலே அது தொழிற்சாலை. இப்போது 20 வேண்டும். மின்சாரம் இல்லாததற்கு 20 என்பது 40 ஆகிவிட்டது. ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் 20 பேருக்குப் பொருந்தியவை, இப்போது 50 பேருக்கு.

நம் பக்கத்தில் எத்தனை இடங்களில் 300 பேர் வேலை பார்க்கிறார்கள்? விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் செங்கல் சூளை, அரிசி ஆலை, பாத்திரப் பட்டறை, கல்குவாரி, ஜவுளிக்கடை, பீடிக்கடை. எண்ணை உயர்த்தும்போது கோட்டுக்குக் கீழே போவது இவர்கள்தான். என் பெரிய மனக்குறை இதுதான். ஒரு மனிதருக்கு உரிமை இருப்பது அவர் மனிதர் என்பதால். பக்கத்தில் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்று எண்ணிவிட்டு உரிமையைக் கொடுப்பது எனக்குப் புரியவில்லை.

மனித உரிமைக்கும் தொழிலாளர் சட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? மனித உரிமை என்றால் போலீஸ் அடித்தால்தானே?

அப்படித்தான் பலர் நினைக்கிறார்கள். அரசமைப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு கட்டாய வேலையைத் தடை செய்கிறது. 42 நியாயமான, மனிதத்தன்மையுள்ள வேலைச் சூழலையும் பேறுகால உதவியையும் சொல்கிறது. 43 வாழ்வதற்கான ஊதியத்தைச் சொல்கிறது. கடைசி இரண்டையும் வைத்து நேரே கோர்ட்டுக்குப் போக முடியாது, அவை அரசுக்கான வழிகாட்டு நெறிகள். 23 அப்படியல்ல, அது அடிப்படை உரிமை. வெளியுலகுக்குக் கொடுத்த வாக்கும் இருக்கிறது: பொருளாதார, சமூக உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1979-இல் சேர்ந்தது. நியாயமான கூலி, ஓய்வு, சங்கம் சேரும் உரிமை எல்லாம் அதில் வருகின்றன.

ஒரு தீர்ப்பை மட்டும் நினைவில் வையுங்கள். டெல்லியில் 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டடம் கட்டிய தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி போய்ச் சேரவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே கட்டாய வேலை என்று நீதிமன்றம் சொன்னது. அவர்கள் சம்மதித்துத்தானே வந்தார்கள் என்றால், பசியும் வறுமையும் தள்ளிவிட்ட சம்மதம் சம்மதம் ஆகாது, அதுவும் பலவந்தம்தான் என்பது பதில். புதிய தொகுப்புகளில் ‘சம்மதம்’ என்ற சொல் வருகிற இடங்களில் எல்லாம் எனக்கு இந்த வரிதான் ஞாபகம் வருகிறது.

நான் வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறேன். நானும் தொழிலாளியா?

முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம், வீரவநல்லூர் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிற கேள்வி இது. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

வேலை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். பீடிக்கடையில் இலையும் தூளும் நூலும் எடை போட்டுத் தருகிறார்கள். அக்கா வீட்டுக்கு வந்து இலையை நனைத்து வைக்கிறார். திண்ணையில் காலை நீட்டி, மடியில் சொளகை வைத்துக்கொண்டு, கத்தரியால் அளவாக வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, தலையை மடக்கி நூல் கட்டுகிறார். சாயங்காலம் கட்டுகளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் கணக்கப்பிள்ளை ஒவ்வொரு கட்டாகத் திருப்பிப் பார்க்கிறார். ‘இது லூசு, இது குட்டை’ என்று ஒரு பிடியை ஓரமாகத் தள்ளுகிறார். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற கணக்கு. தள்ளிய பீடிக்குக் கூலி இல்லை. கொடுத்த இலை மட்டமாக இருந்து பற்றாமல் போனால் சொந்தக் காசில் இலை வாங்கி எண்ணிக்கையைச் சரிக்கட்ட வேண்டும். கழித்த பீடி எங்கே போகிறது என்று நான் ஒருமுறை கேட்டேன். அக்கா சிரித்துக்கொண்டார், பதில் சொல்லவில்லை.

முதலாளிகள் வழக்கமாகச் சொன்னது இது: ‘அவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை, காண்டிராக்டரின் ஆட்கள். அவர்களும் வீட்டில் அவர்கள் இஷ்டத்துக்குச் செய்கிறார்கள்.’ இதைச் சேலத்துப் பீடித் தொழிலாளர் சங்கம் எதிர்த்து நின்றது, முதலாளிகளின் மேல்முறையீட்டில் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நடுவில் நிற்கும் காண்டிராக்டர் முதலாளியின் ஏஜெண்டு மாதிரிதான், சுற்றுகிறவர்கள் முதலாளியின் தொழிலாளர்களே என்று 1964-இல் தீர்ப்பு வந்தது. 1966-இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கெனத் தனிச் சட்டம் வந்தது. மூலப்பொருள் வாங்கி வீட்டில் சுற்றுபவரும் தொழிலாளி என்று அது வெளிப்படையாகவே சொன்னது. அந்தச் சட்டம் செல்லும் என்று 1974-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இஷ்டத்துக்குப் பீடியைக் கழிக்க முடியாதபடி வரம்பு வைத்த மாநில விதிகளும் அந்த வழக்கில் தப்பித்தன. வீட்டில் சுற்றுபவருக்கும் பி.எஃப். உண்டு என்று 1985-இல் இன்னொரு தீர்ப்பு வந்தது.

இப்போது அந்த 1966 சட்டம் புதிய தொகுப்புக்குள் கரைந்துவிட்டது. என் கவலை ஒரு பெயரைப் பற்றியது. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் ‘வீட்டிலிருந்து வேலை செய்பவர்’ என்று தனியாக ஒரு வகை இருக்கிறது. அதை அமைப்புசாராத் துறையோடு சேர்த்திருக்கிறார்கள். பீடி சுற்றும் அக்காவை நாளைக்கு ஒருவர் அந்தக் கட்டத்துக்குள் தள்ளிவிட்டால், ‘நீ பணியாளர் இல்லை, உனக்கு நலத்திட்டம்தான், பி.எஃப். இல்லை’ என்று வாதாட இடம் கிடைக்கும். நலத்திட்டம் அரசு மனது வைத்தால் வருவது. பி.எஃப். கேட்டு வாங்குகிற உரிமை. இரண்டும் ஒன்றல்ல. ஆகவே பீடிக்கடையில் உங்கள் கணக்கை எழுதித் தரும் பாஸ் புத்தகத்தை விடாதீர்கள். அம்மா பெயரில் புத்தகம், மகள் சுற்றுகிறாள் என்ற ஏற்பாடு இருந்தால் இப்போதே மகள் பெயரில் தனிப் புத்தகம் கேளுங்கள். 20 வருஷம் சுற்றிவிட்டுத் தன் பெயரில் ஒரு காகிதம்கூட இல்லாமல் வந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பீடிக்குப் போட்டிருந்த நல வரி 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது நின்றுவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். பிள்ளைகளின் படிப்பு உதவித்தொகைக்கும் வீடு கட்டவும் மருத்துவத்துக்கும் அந்த நிதியிலிருந்துதான் பணம் போனது.

எட்டு மணி நேர வேலை போய்விட்டதா? பன்னிரண்டு என்கிறார்களே?

போகவில்லை. நாளைக்கு எட்டு மணி நேரம் என்பது தொகுப்பிலும் இருக்கிறது. மிகை நேரத்துக்கு இரட்டைச் சம்பளம், அதற்கும் தொழிலாளியின் சம்மதம் வேண்டும்.

பயம் வேறு இடத்திலிருந்து வருகிறது. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்திலேயே தொழிற்சாலை வேலை நேரத்தைத் தளர்த்தும் மசோதா நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மூன்றாம் நாள் நிறுத்தி வைத்தார்கள். மே தினத்தன்று திரும்பப் பெற்றுவிட்டதாக முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார். எதிர்ப்புக்கு அவ்வளவு சீக்கிரம் பலன் கிடைத்தது அபூர்வம்.

குஜராத் கதையும் தெரிந்திருக்க வேண்டும். கொரோனா காலத்தில் அந்த அரசு தொழிற்சாலைகளில் 12 மணி நேரம் வேலை வாங்கலாம், இரட்டைச் சம்பளம் வேண்டாம் என்று அறிவிக்கை போட்டது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பொருளாதாரம் படுத்துவிட்டது என்பதற்காக அதைத் தூக்கி நிறுத்தும் சுமையைத் தொழிலாளியின் முதுகில் மட்டும் ஏற்ற முடியாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். சீர்திருத்தம் எதுவரை போகலாம் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுகிற எல்லைக்கல் அதுதான்.

ஜவுளிக்கடையில் நிற்கிறேன். உட்கார்ந்தால் சூப்பர்வைசர் திட்டுகிறார்.

உட்காரலாம் தங்கச்சி. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் திருத்தம் செய்து, எல்லா ஊழியருக்கும் இருக்கை தர வேண்டும் என்று 22-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். இது மாநிலச் சட்டம், மத்தியத் தொகுப்பு இதைத் தொடவில்லை. தீபாவளிக்கு முந்தைய வாரம் டவுனில் ஒரு பெரிய கடைக்குப் போயிருந்தேன். புடவைப் பிரிவில் ஒரு நாற்காலி இருந்தது. அதன் மேல் அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். அந்தப் பெண் இடது காலை வலது காலின் மேல் வைத்து, ஷெல்ஃபில் சாய்ந்தபடி எனக்குப் புடவை விரித்துக் காட்டினாள். கால் மாற்றி நிற்பது அவளுக்கு ஓய்வு. சட்டம் நாற்காலி போடச் சொல்லும், பெட்டியை எடுக்க ஒருவர் போய்ப் பார்க்க வேண்டுமே.

ஆய்வாளரே வரமாட்டாராமே?

வருவார். ஆனால் இனி ‘ஆய்வாளர் – வழிகாட்டி’ என்று இரட்டைப் பட்டம். எங்கே ஆய்வு என்பதைக் கணினி குலுக்கிப் போடலாம், முதல் தவறானால் சரிசெய்ய அவகாசம் தரலாம். லஞ்சம் குறையும் என்பது அரசின் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் சொல்லாமல் போய்ப் பார்க்கும் அதிகாரம் ஆய்வாளருக்கு வேண்டும் என்கிற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 81-ஆம் உடன்படிக்கையை இந்தியா 1949-லேயே ஏற்றுக்கொண்டது. 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் ராத்திரி பாறை சரிந்து ஆறு பேர் சிக்கினார்கள், நான்கு பேர் பிழைக்கவில்லை. அந்த மாதிரி இடத்தில் ஆய்வு என்பது முன்கூட்டிப் போவது. குலுக்கலில் பெயர் வரட்டும் என்று பாறை காத்திருக்காது.

நான் முதலாளி. 14 பேரை வைத்துப் பட்டறை நடத்துகிறேன். எல்லாரும் எங்களைத்தான் குற்றம் சொல்கிறீர்கள்.

அண்ணாச்சி, உங்கள் வருத்தம் எனக்கும் தெரியும். பத்துப் பதிவேடு, பத்து ரிட்டர்ன், ஆபீஸுக்கு ஆபீஸ் அலைச்சல். சொல்லப்போனால் நான்கு தொகுப்பில் எனக்குப் பிடித்த பகுதியே ஒரே பதிவு, ஒரே ரிட்டர்ன் என்பதுதான். காகிதத்தைக் குறைப்பதை யாரும் எதிர்க்கவில்லை. காகிதத்தோடு சேர்த்துப் பாதுகாப்பையும் கத்தரித்துவிட்டால்தான் பிரச்சினை. உங்கள் 14 பேர் இப்போது தொழிற்சாலைக் கணக்கில் வரமாட்டார்கள். அதனால் கிரைண்டிங் மெஷினுக்கு மூடி போடுவது உங்கள் விருப்பம் ஆகிவிடுமா? விரல் போனால் நஷ்ட ஈடு அப்போதும் உங்கள் தலையில்தான். ஆளைச் சேர்க்கும்போது இரண்டு வரியில் நியமனக் கடிதம் கொடுத்துவிடுங்கள். பிற்பாடு தகராறு வந்தால் உங்களுக்கும் அது துணை.

கங்கைகொண்டான் சிப்காட்டில் என் மகளுக்கு நைட் ஷிப்ட் கேட்கிறார்கள். அனுப்பலாமா?

அதை முடிவு செய்ய வேண்டியது உங்கள் மகள். பெண்கள் ராத்திரி வேலை செய்யக் கூடாது என்ற பழைய தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-லேயே சமத்துவத்துக்கு விரோதம் என்று நீக்கிவிட்டது. புதிய தொகுப்பில் மாலை ஏழு மணிக்குப் பிறகும் காலை ஆறுக்கு முன்பும் வேலை செய்ய அவளுடைய சம்மதம் வேண்டும். பாதுகாப்புக்கும் முதலாளிதான் பொறுப்பு. வீட்டு வாசல் வரை வண்டி வருமா, பைபாஸில் இறக்கிவிட்டுப் போய்விடுமா, பெண்கள் புகார்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், மறுத்தால் பகல் ஷிப்டில் வைப்பார்களா என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கடைசிக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் அங்கே சம்மதம் என்பது வெறும் கையெழுத்து.

வேலைநிறுத்தம் செய்தால் ஜெயிலா?

எல்லாத் தொழில் நிறுவனத்திலும் 14 நாள் முன்னறிவிப்பு இப்போது கட்டாயம். முன்பு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும்தான் அந்த மாதிரிக் கட்டுப்பாடு. சமரசப் பேச்சு நடக்கும்போதும் அது முடிந்து ஏழு நாள் வரையும் நிறுத்தக் கூடாது. அறிவிப்புக் கொடுத்தவுடன் பேச்சு தொடங்கிவிடும் என்றால், சட்டப்படி நிறுத்த ஒரு நாள் எப்போது வரும்? பாதிப் பேர் சேர்ந்து ஒரே நாளில் லீவு போட்டால் அதுவும் வேலைநிறுத்தம்தான். மீறினால் அபராதம் பத்தாயிரம் வரை, அல்லது ஒரு மாதம் வரை சிறை, இல்லையென்றால் இரண்டும்.

அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமையே இல்லை என்று 2003-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் தமிழ்நாட்டு வழக்கில்தான். சங்கம் சேரும் உரிமை, கூட்டுப்பேரம் பற்றிய சர்வதேச உடன்படிக்கைகள் 87, 98 இரண்டையும் இந்தியா இன்னும் ஏற்கவில்லை. இத்தனைக்கும் நம் சீமைக்கு இதில் பழைய கணக்கு இருக்கிறது. 1908-இல் தூத்துக்குடி திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி., சுப்பிரமணிய சிவா துணையோடு வேலையை நிறுத்தினார்கள். கூலி உயர்வோடு வாரத்தில் ஒரு நாள் லீவும் கேட்டார்கள். மில் நிர்வாகம் இறங்கி வந்தது. சில நாளில் வ.உ.சி.யைக் கைது செய்தார்கள், மார்ச் 13 அன்று திருநெல்வேலி ஊரே கொதித்தெழுந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அந்த ஞாயிற்றுக்கிழமை லீவை யாரும் 14 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து வாங்கவில்லை.

மாஞ்சோலையில் வேலை முடிந்தது, வீடும் போகுமா?

மனசு கனக்கிற கேள்வி. மாஞ்சோலை மலைமேல் இருக்கும் தேயிலை எஸ்டேட். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து ஒரு கம்பெனி 1929-இல் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த காடு அது. நான்கைந்து தலைமுறை தேயிலை பறித்தார்கள். 1999-இல் எஸ்டேட் கூலிப் போராட்டத்துக்காகவும் சிறையில் இருந்தவர்களுக்காகவும் ஜூலை 23 அன்று கலெக்டர் ஆபீஸுக்கு ஊர்வலம் வந்தபோது, போலீஸ் தடியடியைத் தொடர்ந்து தாமிரபரணியில் 17 பேர் உயிர் போனது. அதில் ஒரு சின்னக் குழந்தையும் உண்டு. 2024-இல் விருப்ப ஓய்வு என்று சொல்லித் தொழிலாளர்களிடம் கையெழுத்து வாங்கினார்கள்.

தோட்டச் சட்டத்தில் வீடு என்பது வேலையோடு ஒட்டியது. வேலை போனால் எஸ்டேட் தந்த லயன் (வரிசை) வீட்டில் இருக்க அதில் இடமில்லை. மனித உரிமை நோக்கில் பார்த்தால், பிறந்து வளர்ந்த ஒரே வீட்டிலிருந்து ஒரு குடும்பத்தை இறக்குவதற்கு முன் மாற்று வாழ்வு என்ன என்று அரசு காட்ட வேண்டும். வாழ்வாதாரம் உயிர் வாழும் உரிமையின் பகுதி என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. காட்டைக் காப்பாற்றுவதும் அவசியம்தான். ஆனால் காட்டுக்கும் கம்பெனிக்கும் நடந்த கணக்கில் செலவு எழுதப்பட்டது தொழிலாளி பெயரில்.

சாப்பாடு டெலிவரி பண்ணுகிறேன். எனக்கு என்ன கிடைக்கும்?

முதன்முறையாகச் சட்டத்தில் உங்கள் பெயர் வந்திருக்கிறது. ஆப் நடத்தும் நிறுவனங்கள் வருட வருவாயில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் சமூகப் பாதுகாப்பு நிதிக்குக் கட்ட வேண்டும். ஆனால் நீங்கள் பணியாளர் கணக்கில் இல்லை, குறைந்தபட்சக் கூலி கேட்க முடியாது. தமிழ்நாட்டில் 2023 முதல் தனி நலவாரியம் இருக்கிறது, பதிந்துகொள்ளுங்கள் தம்பி. அமைப்புசாராத் தொழிலாளருக்கான மத்திய அரசின் இ-ஷ்ரம் தளத்திலும் பதிவு செய்யுங்கள்.

வேலைக்குப் போகிற வழியில் பைக் விபத்து என்றால்?

வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியும் திரும்பும் வழியும் இப்போது கணக்கில் வரும். நேரமும் இடமும் வேலையோடு பொருந்த வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலைத் தொலைத்துவிடாதீர்கள்.

480 நாள் வேலை பார்த்தால் நிரந்தரம் என்பது இன்னும் உண்டா?

அது தமிழ்நாட்டின் 1981-ஆம் வருஷச் சட்டம். 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும். ஒழிக்கப்பட்ட 29 மத்தியச் சட்டங்களில் இது இல்லை. ஆனால் குறிப்பிட்ட கால ஒப்பந்தம் என்ற புதிய வழியை வைத்துக்கொண்டு இதைச் சுற்றிப் போவார்கள் என்று நினைக்கிறேன். வருகைப் பதிவைப் போனில் படம் எடுத்து வையுங்கள்.

சரி, எங்கே போய் மனுக் கொடுப்பது? வக்கீலுக்குக் காசு இல்லை.

கூலி பாக்கி, பணி நீக்கம் என்றால் தொழிலாளர் துறை அலுவலகம். பணி நீக்கத் தகராறு அங்கே பேசி முடியாவிட்டால் தொழில் தீர்ப்பாயம் (முன்பு தொழிலாளர் நீதிமன்றம்). வக்கீல் வேண்டுமானால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1987-ஆம் வருஷச் சட்டப்படி பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் இலவசமாக வக்கீல் வைத்துத் தர வேண்டும். பெண்ணாக இருந்தால் வருமானச் சான்றுகூடக் கேட்கக் கூடாது.

கையோடு கொண்டு போக வேண்டியவை: அடையாள அட்டை, பாஸ் புத்தகம் அல்லது சம்பளச் சீட்டு, சம்பளம் ஏறிய வங்கிக் கணக்குப் பக்கம், சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி. எதுவுமே இல்லையென்றால் கூட வேலை பார்த்த இரண்டு பேர். மனுவின் இரண்டாவது நகலில் சீலும் தேதியும் போட்டு வாங்காமல் படி இறங்காதீர்கள்.